நின்றபடி போட்ட தீர்மானம்

காலை ஆறேகால் மணி, மூன்று பங்குதாரர்கள், பவானி என்ற பெயருள்ள ஒரு ஜமக்காளம். ஒரு காலத்தில் அந்த வாடகைக் கடை இப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாண வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை. மனிதர்கள் நடத்தியதல்ல, சாமான்களே கூட்டுச் சேர்ந்து நடத்தியது. ஒரு பங்குதாரர், ஊர்ப் பந்திக்கே சோறு வடிக்கும் செப்பு அண்டா. இன்னொருவன், மூன்று தெரு தள்ளித் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குழாய் ஸ்பீக்கர். மூன்றாவது பங்கு பவானிக்கு. இரண்டு சம்பந்தி வீட்டாரும் தாராளமாகச் சம்மணம் போட்டு உட்காரும் அகலம் அவளுக்கு. உடம்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை.

ஆளுக்குச் சமபங்கு. எந்த முடிவானாலும் கூட்டம் போட்டு, மூவரில் இருவர் சொல்கிறபடி நடக்க வேண்டும். கடைக்கு வருகிற தொழிலை யாரும் தனியாகத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் இவ்வளவுதான். பவானி விரிந்துகொடுத்தாள். மற்ற இருவரும் அவள்மேல் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"அம்மணி, இனி நாம மூணு பேரும் ஒரே குடும்பம்," என்றார் அண்டா.

உள்ளே ஒன்றும் இல்லாதபோது அண்டாவின் குரல் கணீரென்று இருக்கும். பவானிக்கு அந்தக் குரலின்மேல் பெரிய மரியாதை.

தொழில் நன்றாகவே நடந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து பேசினால்தான் அது பேச்சு. வாசலில் நின்றுகொண்டு என்ன சொன்னாலும் அது சும்மா விசாரிப்பு. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது. ஆகவே சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கு முதலில் போவது பவானி. அங்கே அவள் காலூன்றிவிட்டால், கல்யாணத்துக்கு அண்டாவை அழைப்பார்கள். அண்டா போனால் குழாயும் போவான்.

வாடிக்கையைக் கொண்டுவருவது விரிப்புதான் என்பது அண்டாவுக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் அவருக்கு உறுத்தல். தன்னைப் போன்ற ஒரு செப்புப் பாத்திரம், எல்லோரும் உட்காருகிற ஒன்றின் பின்னால் போவதா என்று அவ்வப்போது குழாயிடம் புலம்புவார். குழாய் யார் எதைச் சொன்னாலும் பெரிதாக்கித் திருப்பிச் சொல்வான். அவன் பிறவி அப்படி.

எட்டாவது வருடம் வைகாசியில், கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. பேசினால் எல்லாம் ஒரே குரலில் பேசின.

"யாருதுங்கண்ணா இது?" என்று கேட்டாள் பவானி.

"மச்சானுது," என்றார் அண்டா.

அண்டாவின் மச்சான் ஒரு குண்டான். இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றினால் விளிம்பில் வழிந்துவிடும் உடம்பு. அவனுக்கு ஒரு கொட்டகை நிறைய நாற்காலி ஏது என்று பவானிக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. கூட்டாளியைச் சந்தேகப்படுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த மாதமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கடை வாசலுக்கு வந்த கல்யாண வீட்டார், "மூட்டு வலிக்காரங்க நிறையப் பேர் வர்றாங்க. உங்ககிட்ட நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டார்கள். அண்டா அவர்களைக் குனிந்து கும்பிட்டு, "கடைக்குப் பின்னால போங்க. குண்டான்னு ஒரு பையன் இருப்பான், என் பேரைச் சொல்லுங்க" என்று அனுப்பினார். ஒரு வீட்டாரை அல்ல, வந்த எல்லோரையும்.

பவானி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நம்ம வாசலுக்கு வந்து கேக்கறாங்க. அந்த நாற்காலியை நம்ம கடையே வாங்கி விட்டா என்னங்கண்ணா? கூட்டம் போட்டுப் பேசலாமுங்களே."

"பேசலாம் அம்மணி. பேசாம எங்க போகப் போறோம்? நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கே. ரெண்டு நாள் ஓய்வெடு."

"களைப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"களைச்சவங்களுக்கு அது தெரியாது," என்றான் குழாய்.

அன்று மாலையே இருவரும் சேர்ந்து அவளைச் சுருட்டி, கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டி, பரணில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றும்போது அண்டா, "பார்த்து, பார்த்து, ஓரம் மடங்கப் போகுது" என்று குழாயை அதட்டவும் செய்தார். அவ்வளவு அக்கறை.

ஜமக்காளத்துக்கு மிதிபடுவதால் சாவு வராது. உதறி, வெயில் காட்டி, விரித்துப் போடுகிற வரைக்கும் அதற்கு ஆயுசு கெட்டி. சுருட்டி இருட்டில் வைத்தால்தான் முடிவு. பவானி பரணுக்குப் போன ஐந்தாம் நாள் சுவரோரம் ஒரு மண்கோடு ஏறி வந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு கரையான் தலையை நீட்டியது.

"ஏனுங்க, இங்க ரொம்ப நாள் இருப்பீங்களா?"

"ரெண்டு நாளுன்னாங்க."

"அவசரமே இல்லீங்க. வீட்ல எல்லாரும் கேட்டாங்க, அதான் விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்." கரையான் மிகவும் மரியாதையாக அவள் விளிம்பு நூல் ஒன்றை முகர்ந்து பார்த்தது. "பருத்திங்களா? நல்லதுங்க."

அது போன பிறகு பவானிக்கு உடம்பு முழுக்கப் பட்டை பட்டையாகக் குளிர்ந்தது.

இதற்குள் கொட்டகையில் இடம் போதாமல் நாற்காலிகளைக் கடைக்குள்ளேயே, பரணுக்கு நேர் கீழே, அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இடத்துக்கு வாடகை கிடையாது, மச்சான் அல்லவா. மேல்வரிசையில் இருந்த ஒரு நாற்காலிக்கு ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. அது நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நீங்க கடையை விட்டு விலகிட்டீங்களாமே? அண்டா பெரியவர் எல்லார்கிட்டயும் சொல்றாரு" என்றது.

"நானா? யாரு சொன்னது?"

"தீர்மானம் போட்டுட்டாங்களாமே. போன வாரம் கூட்டம் நடந்துச்சே, தெரியாதா? மூணுல ரெண்டு பேர் சரின்னாங்க. நீங்க இனி பங்குதாரர் இல்லை, குடோன் சரக்காம்."

பவானி அதற்குமேல் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே ஒரு புரட்டுப் புரண்டாள். பரணிலிருந்து நாற்காலிகள்மேல் விழுந்து, நாற்காலிகளிலிருந்து தரையில் விழுந்து, கட்டு அவிழாமலே உருண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

நல்ல வேளையாக அது ஆடி மாதம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆகவே கல்யாணச் சாமான்கள் தங்கள் வழக்குகளை அந்த இரண்டு மாதத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கும். கல்யாண மண்டபத்துக் கொல்லையில் நீதிமன்றம் கூடும். நீதிபதி அம்மி. எத்தனையோ மணப்பெண்களின் காலைத் தன்மேல் எடுத்து வைத்தபோதும், அவர்களில் சிலரின் கதை பிறகு என்ன ஆனது என்று தெரிந்தபோதும், முகம் மாறாமல் இருந்தவர் என்பதால் அவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

உருண்டபடியே அங்கே போய் மனுக் கொடுத்த பவானிக்கு வக்கீல் இல்லை. அண்டாவுக்குப் பாக்குவெட்டி ஆஜரானார். வாயைத் திறந்தால் பேச்சு, மூடினால் வெட்டு என்று பெயரெடுத்தவர்.

"கனம் நீதிபதி அவர்களே," என்று பாக்குவெட்டி ஆரம்பித்தார். "மனுதாரரை என் கட்சிக்காரர் திட்டவில்லை, அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. சுருட்டி மேலே வைத்திருக்கிறார். சுருட்டி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு."

"கட்டு?" என்றார் அம்மி. பவானி இன்னும் கயிற்றோடுதான் கிடந்தாள்.

"கூடுதல் பாதுகாப்பு."

கயிற்றை அவிழ்க்கச் சொன்னார் அம்மி. பவானி மெல்ல விரிந்தாள். ஓரத்தில் பல்லுக் குத்தும் குச்சி அளவுக்கு ஓர் அரிப்பு. கரையான் அன்றைக்கு முகர்ந்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"கூட்டம் நடக்கப் போகுதுன்னு இந்தப் பொண்ணுக்குச் சொன்னீங்களா?" என்று அம்மி கேட்டார்.

"சொன்னேனுங்க," என்றான் குழாய். "முறைப்படி மூணு தடவை அறிவிப்புச் செஞ்சேனுங்க."

"எப்போ?"

"கரண்ட் போயிருந்தப்பங்க."

கொல்லையில் சிரிப்பு எழுந்தது. அம்மி சிரிக்கவில்லை.

"சரி. கூட்டம் எங்கே நடந்தது?"

"கடை முற்றத்துலீங்க," என்றார் அண்டா. "ஒளிவு மறைவே இல்லை. பட்டப்பகல்."

"எதன்மேல உட்கார்ந்து பேசினீங்க?"

பாக்குவெட்டி அண்டாவைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியை வக்கீல் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது வாய் திறந்தபடியே நின்றதில் தெரிந்தது.

"நாற்காலியிலீங்க," என்றார் அண்டா கடைசியில்.

"பொய்யிங்க!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. விரிசல் விட்ட நாற்காலி காலைத் தூக்கிக் காட்டியது. "உட்கார முயற்சி பண்ணாருங்க. அதோட விளைவுதானுங்க இது. அப்புறம் ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பேசி முடிச்சுட்டாங்க."

"ஆக, நின்னுக்கிட்டு," என்றார் அம்மி.

"அம்மா, நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன?" என்று குறுக்கே வந்தார் பாக்குவெட்டி. "இருவர் சம்மதித்தார்கள். மூன்றில் இரண்டு. கணக்குச் சரி."

"இந்தத் தொழில்ல இருக்கறவங்க நீங்கெல்லாம். நின்னுக்கிட்டு நிச்சயம் பண்ணின கல்யாணம் ஒண்ணாவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"விரிப்புல உட்காரணும்னு பெரியவங்க ஏன் வெச்சாங்க? உட்கார்ந்தா முகம் தெரியும். யாரைப் பத்திப் பேசறமோ அவங்களும் அங்கேயே இருப்பாங்க. இந்தப் பொண்ணை விலக்கணும்னா இவளை விரிச்சு, இவ மேலயே உட்கார்ந்து, இவ காதுபடத்தான் விலக்கியிருக்க முடியும். அதுக்குத் துணிச்சல் வராமத்தான் நின்னுட்டீங்க."

அண்டா முதல்முறையாகச் சிறியதாகத் தெரிந்தார். அவருக்கு இது ஓர் உண்மையான அதிர்ச்சி. இத்தனை வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் தான் உட்கார்ந்தது எதன்மேல் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவளை விலக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை எங்கே போடுவது என்றும் யோசித்திருக்கவில்லை.

அம்மி தீர்ப்பைச் சொன்னார். அது நீளமானதல்ல.

"தீர்மானம் செல்லாது. கரண்ட் இல்லாதப்போ செஞ்ச அறிவிப்பு அறிவிப்பே இல்லை. நாற்காலி கேட்டு வந்தவங்க கடை வாசலுக்கு வந்தவங்க. அவங்களைப் பின்பக்கம் திருப்பிவிட்டதால அந்த நாற்காலி எல்லாம் கடைக்குத்தான் சொந்தம். மூணு பேருக்கும் சமபங்கு. குண்டான் பேர்ல இருந்தாலும் சரி, கிண்ணத்தின் பேர்ல இருந்தாலும் சரி. அண்டா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சாமர்த்தியத்தை வெளியாள்கிட்டக் காட்டுங்க, வேண்டாங்கலை. கூட்டாளிகிட்டக் காட்டினா அதுக்குப் பேர் வேற."

பிறகு பவானியைப் பார்த்தார். "நீ விரும்பினா உன் பங்கைப் பிரிச்சு வாங்கிக்கிட்டுப் போயிடலாம். கடையைக் கலைச்சுக் கொடுக்கறேன். என்ன சொல்றே?"

"இல்லீங்கம்மா. இருந்துக்கறேன்."

"நிச்சயமா?"

"நான் சேர்த்த வாடிக்கைங்க. நான் ஏன் போகணும்?"

அம்மி அவள் ஓரத்து அரிப்பை இன்னொரு தடவை பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தங்கள் வந்தன. தீர்ப்புக்குப் பின் முதல் கூட்டம் கடை முற்றத்தில், முறைப்படி பவானியின்மேல் நடந்தது.

"அடி கழுவிட்டு வந்து உட்காருங்கண்ணா," என்றாள் பவானி. "கரி ஒட்டும்."

எட்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது இதுவே முதல்முறை. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், அண்டா எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்ததுதான்.

அவர் திரும்பி வருவதற்குள் குழாய் பவானியின் நடுப்பட்டைக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நான் எப்பவும் உங்க பக்கந்தான். அன்னிக்கு என்னமோ ஒயர் லூசாயிருச்சு."

"தெரியும் தம்பி," என்றாள் பவானி. அவளுக்கு நன்றாகத் தெரியும். யார் பிளக்கைச் செருகுகிறார்களோ அவர்கள் பாட்டைத்தான் அவன் பாடுவான். இப்போது செருகுகிற முறை அவளுடையது.

மூவரில் இருவர் என்ற கணக்கு அன்றிலிருந்து வேறு பக்கம் சாய்ந்தது. நாற்காலிகளை வாசலுக்குக் கொண்டுவருவது, அதற்காக அண்டாவைக் கொல்லைக்கு நகர்த்துவது என்று முடிவாயிற்று. பவானிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பரணை நினைத்தால் விளிம்பு தானாகச் சுருண்டது. ஒருமுறை அப்படிச் செய்தவர் மறுமுறையும் செய்யமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முன்ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

புரட்டாசிக் கூட்டத்தில் அவள் முழுதாக விரியவில்லை. முக்கால்வாசிதான் விரிந்தாள். அண்டா விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

ஐப்பசிக் கூட்டத்தில் பாதி விரிந்தாள். அதில் குழாய் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது.

"அம்மணி, கொஞ்சம் விரிஞ்சு கொடுத்தா நானும் உட்காருவேன்," என்றார் அண்டா.

"இடுப்புப் பிடிச்சுக்கிச்சுங்கண்ணா. ஓரத்துல அந்த அரிப்பு வேற. விரிஞ்சா கிழிஞ்சிரும்."

"அப்ப நான் நின்னுக்கிட்டே ஒண்ணு சொல்லிடறேன். இப்பெல்லாம் சமையல்காரங்க அலுமினியப் பாத்திரம் கொண்டாந்துடறாங்க. எனக்கு ஒரு மாசமா வேலை இல்லை. உள்ளே ஈயம் போயிருக்கு. ஒருதரம் பூசினாப் போதும்..."

"நின்னுக்கிட்டுப் பேசினா கணக்கில்லீங்கண்ணா," என்றான் குழாய். "தீர்ப்பே இருக்குது."

அண்டா பவானியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருக்க வேண்டும். பவானி தன் பட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஈயம் பூசும் யோசனை குறிப்பில் ஏறவில்லை. வேலை இல்லாத பாத்திரத்தில் மழைநீர் தேங்கிக் கொசு வருகிறது என்று அடுத்த கூட்டத்தில் அண்டாவைக் கொல்லை முருங்கை மரத்தடியில் கவிழ்த்து வைக்கத் தீர்மானமாயிற்று. இந்தத் தடவை அறிவிப்பு முறைப்படி நடந்தது. கரண்ட் இருந்தது. ஊருக்கே கேட்டது. கூட்டம் விரிப்பின்மேல் உட்கார்ந்தே நடந்தது. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் பவானி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

கவிழ்த்த அண்டாவுக்குள் சாயங்காலமானால் பக்கத்து வீட்டுக் கோழிகளை அடைத்தார்கள். வெளியே மழையில் பச்சைக் களிம்பு பிடிக்கத் தொடங்கியது. கார்த்திகை முழுக்க அவர் குரல் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்தால் அண்டாவுக்கு எதிரொலி கிடையாது.

பவானிக்கு அந்தக் கார்த்திகையில் தினமும் ஒரு முகூர்த்தம். போகும்போதும் வரும்போதும் முருங்கை மரத்துப் பக்கம் பார்க்காமலே போய்வரக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அந்த விரிசல் நாற்காலி, "அக்கா, பெரியவரு பாவமில்லீங்களா?" என்று கேட்டது.

"அவரை யாரும் ஒண்ணும் பண்ணலையே," என்றாள் பவானி. "பத்திரமாத்தானே வெச்சிருக்கோம்."

அவ்வாண்டு மார்கழி ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, செப்பு அண்டா அம்மியின் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். முதல் எதிர்மனுதாரர் பவானி.